மாமதுரையில் நாம் காணாது கடக்கும் இடங்கள்

பூமியில் சுற்றி வாருங்கள், உங்களுக்கு முன் வாழ்ந்தோரின் முடிவு யாதாயிற்று என்று கண்டறியுங்கள் என்னும் கருத்தைத் திருமறை ஓரிடத்தில் மட்டுமன்றிப் பல இடங்களில் வலியுறுத்துகின்றது. இக்கட்டளையைக் கேட்டவுடன் நமக்கு ஆத், ஸமூது கூட்டத்தாரின் பாழடைந்த ஊர்களே நினைவுக்கு வருகின்றன. நாம் நாள்தோறும் பேருந்து ஏறி இறங்கும் ஊரும் அக்கட்டளைக்குள் அடங்கும் என்பது நினைவுக்கு வருவதில்லை.

மதுரைக்கு வெளியூரிலிருந்து வரும் நம்மவர்கள் கோபுரங்களை வீதியில் நின்று பார்க்கின்றனர். திருமலை நாயக்கர் மகாலுக்குச் செல்கின்றனர். காந்தி அருங்காட்சியகத்தைப் பார்க்கின்றனர். விளக்குத்தூண் அருகே ஒரு குவளை ஜிகர்தண்டா பருகிவிட்டுக் கொடைக்கானலுக்குப் புறப்பட்டு விடுகின்றனர். (ஜிகர் என்பது பாரசீகச் சொல், ஈரல், நெஞ்சம் எனப் பொருள்படும். தண்டா என்பது இந்துஸ்தானியில் குளிர்ச்சி. நெஞ்சக் குளிர்ச்சி என்னும் இச்சொல்லை மதுரைக்காரர் எவரும் அயற்சொல் என்று கருதுவதில்லை.) பினாங்கிலிருந்து வந்திருந்த என் சகோதரியின் மகனும் இவ்வாறே ஒரே நாளில் மதுரையை முடித்துவிட்டு, "மாமு, இவை எல்லோரும் பார்ப்பவை. உள்ளூர்க்காரர்கள் எங்கே போவார்கள்? நம்மவர்களுக்கு இவ்வூரில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. மறுநாள் வெள்ளிக்கிழமை. வைகறைத் தொழுகைக்கே அவரை அழைத்துக் கொண்டு புறப்பட்டேன்.

முதலில் சென்றது காஜிமார் தெரு. பெரியார் பேருந்து நிலையத்தின் இரைச்சலிலிருந்து சில நிமிட நடைதான். கூடலழகர் கோயிலும் அங்கிருந்து தொலைவில் இல்லை. ஆயினும் அத்தெருவுக்குள் நுழைந்ததும் ஓசை அடங்கிவிடும். ஓட்டுநர்கள், நடத்துநர்கள், கடைச் சிப்பந்திகள், பயணப் பையைத் தோளில் சுமந்த வெளியூர்க்காரர்கள் ஆகியோர் ஓடிவந்து ஜமாஅத்தில் சேரும் பள்ளி அது. காஜிமார் பெரிய பள்ளிவாசல் மதுரை மாநகரின் முதற்பள்ளி எனப் போற்றப்படுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் யமன் நாட்டிலிருந்து வந்த காஜி செய்யிது தாஜுத்தீன் (ரஹ்) அவர்களுக்குப் பாண்டிய மன்னர் நிலம் வழங்க, அவ்விடத்தில் பள்ளி எழுந்தது என்பது அத்தெருவின் வழிவழிச் செய்தி. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தெருவிலேயே வாழ்கின்றனர். காஜிகள் வாழ்ந்த தெரு என்பதனாலேயே காஜிமார் தெரு எனப் பெயர் பெற்றது.

ஒரு பாண்டிய மன்னர் அயல்நாட்டு அறிஞர் ஒருவருக்கு ஏன் நிலம் தர வேண்டும் என்று என் மருமகன் கேட்டார். குதிரையினால் என்றேன். அவர் சிரித்தார், நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. பாண்டிய நாட்டில் நல்ல குதிரைகள் பிறப்பதில்லை. போருக்கோ குதிரை இன்றியமையாதது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பாரசீக வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் குதிரைகள் இக்கரைக்கு வந்ததாகவும், ஒவ்வொன்றுக்கும் 220 தீனார் விலை தரப்பட்டதாகவும் எழுதி வைத்துள்ளார். குலசேகர பாண்டியரின் அரசவையில் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்னும் முஸ்லிம் அமைச்சராக இருந்தார். கடல் வழியே வந்த வணிகருக்குத் தொழ இடம் வேண்டும். வழக்குத் தீர்க்க ஒரு காஜி வேண்டும். மன்னருக்கோ குதிரை வேண்டும். இவ்வாறு ஒருவர் தேவையை மற்றவர் நிறைவேற்றியதில் வாள் எதற்கும் வேலை இருக்கவில்லை. இப்பள்ளியின் தொடக்கம் அத்தகையது.

பள்ளி வளாகத்திற்குள்ளேயே மக்பரா உள்ளது. மீர் அஹ்மது இப்றாஹீம் (ரஹ்), மீர் அம்ஜது இப்றாஹீம் (ரஹ்), செய்யிது அப்துஸ் ஸலாம் இப்றாஹீம் (ரஹ்) ஆகிய மூன்று பெரியார்களும் அங்கே அடங்கியுள்ளனர். ஸலாம் கூறி, ஃபாத்திஹா ஓதி, அவர்களுக்காகவும் நமக்காகவும் அல்லாஹ்விடம் இறைஞ்சிவிட்டு வந்தோம். கப்றுகளைச் சந்திப்பதை முதலில் தடுத்திருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பின்னர் அதற்கு அனுமதி தந்தபோது அது மறுமையை நினைவூட்டும் என்றுதான் காரணம் கூறினார்கள். இந்தக் காரணம் மறந்து போகும்போது ஜியாரத் உல்லாசப் பயணமாகி விடுகின்றது. தர்கா வாயிலில் நின்று கைப்பேசியில் தம்மைத் தாமே படம் பிடித்துக் கொள்ளும் இளைஞர்களை நாம் காணத்தான் செய்கிறோம்.

காஜிமார் தெருவின் முனையில் தேநீர் அருந்தியபடி, இவ்வூருக்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வந்து சென்ற ஒரு சுற்றுலாப் பயணியைப் பற்றி மருமகனிடம் கூறினேன். அவர்தாம் இப்னு பதூதா. டாஞ்சியரைச் சேர்ந்த அந்த மொராக்கோ நாட்டு அறிஞர் 1344-ஆம் ஆண்டை ஒட்டி மாலத்தீவு, இலங்கை வழியாக மஅபர் கரையில் வந்து இறங்கினார். அப்போது மதுரையில் சுல்தான்களின் ஆட்சி. டில்லியின் ஆளுநராக இருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் 1335-ஐ ஒட்டித் தனியரசு அமைத்துக் கொண்டதில் தொடங்கியது அவ்வாட்சி. அந்த ஜலாலுத்தீனின் மகளை இப்னு பதூதா டில்லியிலேயே மணந்திருந்தார். ஆகவே அவர் வருகையில் ஆண்டுகொண்டிருந்த சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி அவருக்குச் சகலை முறையினர். இருவரும் அக்காள் தங்கையரை மணந்தவர்கள்.

இத்தகைய நெருங்கிய உறவினர் வீட்டுக்கு வந்து உண்டு மகிழ்ந்தவர், பின்னர் அந்த உறவினரைப் பற்றி என்ன எழுதினார்? நாம் அறிந்து கொள்ள வேண்டிய இடம் இது. காட்டில் பிடிபட்ட கைதிகளை அந்தச் சுல்தான் கழுவேற்றியதையும், அவர்களுடைய மனைவி மக்களைக் கொன்றதையும் தம் கண்ணால் கண்ட இப்னு பதூதா, இத்தகைய கொடுஞ்செயலை வேறெந்த அரசரிடமும் தாம் கண்டதில்லை என்றும், இதன் காரணமாகவே அல்லாஹ் அவருக்கு விரைவில் மரணத்தை அளித்தான் என்றும் எழுதி வைத்தார். போரிலும் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லலாகாது என்பது நாயகம் (ஸல்) அவர்களின் தெளிவான தடை. சுல்தான் என்ற பட்டமோ, தலைப்பாகையோ, ஜும்ஆ மேடையில் ஓதப்பெற்ற பெயரோ அத்தடையைத் தளர்த்தி விடாது. மதுரை சுல்தான்களைப் பற்றி இன்று பலரும் பலவிதமாகப் பேசுகின்றனர். அவர்களுடைய ஆட்சி முழுவதையும் நம் பெருமைக் கணக்கில் எழுதிக் கொள்ளவும் வேண்டாம். அவர்களுடைய குற்றத்தை ஏழு நூற்றாண்டு கழித்து மாசி வீதியில் துணி விற்கும் முஸ்லிமின் தலையில் ஏற்றவும் வேண்டாம். அன்றே ஒரு முஸ்லிம் அறிஞர், அதுவும் உறவினர், அதைக் கண்டித்து எழுதி விட்டார். அந்த ஏட்டைத்தான் இன்றைய வரலாற்றாசிரியர் அனைவரும் சான்றாகக் காட்டுகின்றனர்.

அவர் வந்தபோது மதுரையில் கொள்ளை நோய். பிடித்தவர் மறுநாளோ மூன்றாம் நாளோ மாண்டனர். நோயாளிகளையும் பிணங்களையும் தவிர வேறெதையும் காணவில்லை என்கிறார். சுல்தானின் ஒரே மகனும், தாயும், மனைவியும் அந்நோயில் மாண்டனர். பின்னர் சுல்தானும் இறந்தார். இப்னு பதூதாவையும் கடுங்காய்ச்சல் பற்றியது. தம் இறுதி நெருங்கி விட்டதென எண்ணியிருந்தவருக்கு இறைவன் ஒரு மருந்தை உள்ளத்தில் உதிக்கச் செய்தானாம். யாதென எண்ணுகிறீர்கள்? நம் வீட்டுப் புளி! ஏறத்தாழ ஒரு ராத்தல் புளியை நீரில் கரைத்துக் குடித்தார்; மூன்று நாள் வயிறு கழிந்து காய்ச்சல் தணிந்தது. உலகம் சுற்றிய அறிஞர் மதுரையில் பெற்ற பெரும்பேறு புளிக்கரைசல் என்று சொன்னதும், மருமகன் தன் தாயிடம் சொல்ல வேண்டும் என்று குறித்துக் கொண்டார்.

அச்சுல்தான்களின் ஆட்சியை 1371-ஐ ஒட்டி விசயநகர இளவரசர் குமார கம்பணர் முறியடித்தார். அவருடைய தேவியார் கங்காதேவி அவ்வெற்றியை மதுரா விஜயம் என்று வடமொழியில் காவியமாகப் பாடினார். அச்சுல்தான்களுள் இறுதியானவர் எனப்படும் சிக்கந்தர் ஷாவின் அடக்கத்தலம் திருப்பரங்குன்றம் மலைமீது உள்ளது. அதைப் பற்றி இன்று நாடே பேசிக் கொண்டிருப்பதால் அறியப்படாத இடங்களின் வரிசையில் அது வாராது. மேலே ஏறும் நெல்லித்தோப்புப் பாதை எவருக்குரியது, எது கோயிலுக்குரியது என்பதை 1923-ஆம் ஆண்டு மதுரை நீதிமன்றம் வகுத்துரைத்ததையும், 1931-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை அவ்வழக்குச் சென்றதையும் படித்தவர்கள் அமைதியாகப் பேசுவார்கள் என்பதோடு அதை விட்டு விடுகிறேன்.

அடுத்து மேற்கே சென்றோம். தேனி செல்லும் சாலையில் காளவாசலைக் கடந்து சம்மட்டிபுரம். பேருந்தில் போவோர் தலையைத் திருப்பியும் பார்க்காத இடத்தில், சாலையின் இடப்புறம் ஒரு சிறு பள்ளிவாசல். கான் சாகிபு பள்ளிவாசல் என்பர். 1808-ஆம் ஆண்டில் எழுப்பப் பெற்றது. உள்ளே அடங்கியிருப்பவர் முஹம்மது யூசுப் கான். மருதநாயகம் எனத் திரைப்படப் பேச்சினால் இளைஞர்களுக்குத் தெரிந்தவர்.

இராமநாதபுரச் சீமையில் பனையூரில் பிறந்து, பின்னர் இஸ்லாத்தைத் தழுவி, சிப்பாயாகத் தொடங்கி, ஆங்கிலக் கும்பெனியாரின் தமிழ்ச் சிப்பாய்களுக்கெல்லாம் தலைவராக உயர்ந்தவர். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆட்சி 1759 முதல் அவர் கைக்கு வந்தது. மீனாட்சியம்மன் கோயிலுக்குரிய நிலங்களை மீட்டு மீண்டும் வழிபாடு தடையின்றி நடக்க ஏற்பாடு செய்தவர் என்ற புகழ் இன்றளவும் மதுரையில் உண்டு. மதுரையில் கான்சா மேட்டுத் தெரு, தெற்கே வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம் என அவர் பெயர் ஊர்ப்பெயராக நிலைத்து விட்டது. அதே கான் சாகிபுதான் பாளையக்காரர்கள் மீது கும்பெனிக்காகக் கடும்போர் நடத்தியவரும் ஆவார். பூலித்தேவரின் கோட்டைகளை வீழ்த்தியவரும் அவரே. பின்னர் ஆற்காட்டு நவாபுக்கும் கும்பெனிக்கும் எதிராக நின்றார். 1763-இல் முற்றுகையிட்ட ஆங்கிலப் படை வெல்ல முடியாமல் பின்வாங்கியது. மறு ஆண்டு மீண்டும் வந்தது. கோட்டைக்குள் உணவு தீர்ந்தது. அப்போது அவருடைய திவான் சீனிவாசராவ், மருத்துவர் பாபா சாகிபு, பிரெஞ்சுத் தளபதி மார்ச்சாந்து ஆகியோர் சேர்ந்து, அவர் தொழுது கொண்டிருந்த வேளையில் பாய்ந்து பிணைத்தனர். 1764 அக்டோபர் 15 அன்று, வழக்கு விசாரணை எதுவுமின்றி, நவாபு முஹம்மது அலியின் கட்டளைப்படி இவ்விடத்தில் தூக்கிலிடப்பட்டார்.

உடலைச் சிதைத்துத் தலை திருச்சிக்கும், மற்ற உறுப்புகள் வேறு ஊர்களுக்கும் அனுப்பப்பட்டன என்று செவிவழிச் செய்தி கூறுகின்றது. உஹதுப் போர்க்களத்தில் தம் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களின் உடல் சிதைக்கப்பட்டதைக் கண்டு துயருற்ற நாயகம் (ஸல்) அவர்கள், பகைவர் உடலையும் சிதைக்கலாகாது எனத் தம் சமுதாயத்தைத் தடுத்தார்கள். தூக்கிலிட்டவரும் முஸ்லிம், தூங்கியவரும் முஸ்லிம். கட்டளையிட்ட நவாபு 1795-இல் மறைந்து, திருச்சி நத்தர்வலி தர்காவில் அடக்கமானார். சென்னைத் திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல் அவர் குடும்பத்தார் எழுப்பியது. அங்கும் நாம் தொழுகிறோம். இங்கும் வந்து ஸலாம் கூறுகிறோம். இருவர் வழக்கும் நம்மிடம் இல்லை, மாலிகி யவ்மித்தீன் ஆனவனிடம் இருக்கின்றது.

யூசுப் கானை நான் இறைநேசர் பட்டியலில் சேர்க்க மாட்டேன். அவர் ஒரு போர்வீரர். நன்மையும் செய்தார், பிழையும் செய்தார். ஆனால் அந்தச் சிறிய பள்ளியின் நிழலில் நின்றபோது, தொழுகையில் இருந்த மனிதனின் முதுகுப்புறமாக வந்தவர்களைப் பற்றியே என் எண்ணம் சென்றது. அவர் காத்து நின்ற கோட்டைச் சுவர்களும் இன்று இல்லை. பிற்காலத்தில் கலெக்டர் பிளாக்பர்ன் அச்சுவர்களை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை விரிவாக்கினார். வெளிவீதிகள் அவ்வாறு பிறந்தவையே. அவர் நினைவாக நடப்பட்டதுதான் விளக்குத்தூண். கோட்டையை இடித்தவருக்குத் தூண் ஊர் நடுவில். காத்தவருக்குக் கப்று ஊர்ப்புறத்தில்.

ஜும்ஆ முடிந்து உண்டு இளைப்பாறிய பின், தமிழ்ச் சங்கம் சாலைக்கு அழைத்துச் சென்றேன். "இங்கு நமக்கு என்ன மாமு?" என்றார் மருமகன். நமக்கு நிரம்ப இருக்கின்றது. பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவிய நான்காம் தமிழ்ச் சங்கம் இது. அச்சங்கத்தின் புலவர்களுள் முன்னிற்பவர் நாகூர் குலாம் காதிறு நாவலர். நான்காம் தமிழ்ச் சங்க நக்கீரர் என்றே அவரை அழைத்தனர். புலவர்களை இச்சங்கத்திற்கு வழிகாட்டி அனுப்பும் புலவராற்றுப்படை என்னும் நூலை இயற்றியவர் அவரே. சங்கத்திற்கு வழி சொன்னவர் ஒரு நாகூர் முஸ்லிம் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இதனினும் பழையது ஒன்று உண்டு. முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் மூத்ததான ஆயிர மசலா 1572-இல் இம்மதுரையில் அரங்கேறியது. இயற்றியவர் வண்ணப் பரிமளப் புலவர் எனப்பட்ட செய்கு இசுகாக்கு. யூத அறிஞராக இருந்த அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) நாயகத்திடம் ஆயிரம் வினாக்கள் கேட்டு, விடை பெற்று, இஸ்லாத்தில் இணைவதாக அமைந்த நூல். மத்ரசாவில் ஓதியவன் என்ற முறையில் ஒன்று கூற வேண்டும்: ஸஹீஹுல் புகாரியில் அன்னார் கேட்டதாக வருபவை மூன்றே வினாக்கள். மறுமையின் முதல் அடையாளம் எது, சுவனவாசிகளின் முதல் உணவு எது, குழந்தை தாயையோ தந்தையையோ ஒத்திருப்பது எதனால் என்பவை அவை. மூன்றை ஆயிரமாக விரித்தது இலக்கிய மரபு. ஹதீஸ் நூலாக அதைக் கொள்ளலாகாது. ஆனால் நாயக்கர் ஆட்சியில், தமிழறிந்தார் கூடிய அவையில், ஒரு முஸ்லிம் புலவர் எழுந்து நாயகத்தின் புகழைச் செந்தமிழில் பாட, அவை அமர்ந்து கேட்டது. 1572 என்ற அந்த ஆண்டை மனத்தில் வைத்துக் கொள் என்று மருமகனிடம் கூறினேன்.

அஸருக்கு வைகையைக் கடந்தோம். 1889-இல் திறக்கப்பட்ட ஏ.வி. பாலத்தின் வடகரையில் கோரிப்பாளையம். பாரசீகத்தில் கோர் என்றால் கப்று. கப்றுகள் உள்ள பாளையம் கோரிப்பாளையமாயிற்று. அங்கே அலாவுத்தீன் பாதுஷா (ரஹ்), ஷம்சுத்தீன் பாதுஷா (ரஹ்) ஆகிய சகோதரர்கள் அடங்கியுள்ளனர். மதுரை சுல்தான்கள் வரிசையிலும் அலாவுத்தீன், ஷம்சுத்தீன் என்ற பெயர்கள் காணப்படுகின்றன. மேலே கவிந்திருக்கும் கற்குவிமாடம் அழகர்மலையிலிருந்து கொணர்ந்த ஒரே கல்லால் ஆனது என்று மக்கள் கூறுவர். சித்திரையில் அதே அழகர்மலையிலிருந்து புறப்படும் கள்ளழகரின் ஊர்வலம் தல்லாகுளம் கடந்து இவ்வழியே ஆற்றுக்கு இறங்கும். வெயிலில் நடந்து வரும் அம்மக்களுக்குத் தண்ணீரும் மோரும் வழங்கும் கைகளில் நம் கைகளும் உண்டு.

இங்குள்ள பெருஞ்செல்வம் ஒரு கல்வெட்டு. தமிழில் பொறிக்கப்பட்டது. ஆண்டு 1573. பள்ளிவாசலுக்குரிய நிலங்கள் குறித்துத் தகராறு எழுந்தபோது, மதுரை மன்னர் வீரப்ப நாயக்கர் விசாரித்தார். கூன் பாண்டியர் காலத்திலேயே பதினாலாயிரம் பொன்னுக்குச் சொக்கிகுளம், பீபிகுளம், சிறுத்தூர், கண்ணனேந்தல், திருப்பாலை உள்ளிட்ட ஆறு ஊர்கள் இப்பள்ளிக்கு உரியனவாயின என்பதை ஏற்றுக் கொண்டு, அந்த உரிமையை உறுதி செய்தார். தீர்ப்புச் சொன்னவர் இந்து மன்னர். வழக்கில் வென்றவர்கள் டில்லி ஒரு கோல் சுல்தான் பள்ளிவாசலைச் சேர்ந்த முஸ்லிம்கள். ஆயிர மசலா அரங்கேறிய மறு ஆண்டு அது. ஓர் ஆண்டில் நம் பாடலைக் கேட்ட ஊர், அடுத்த ஆண்டில் நம் வழக்கையும் கேட்டது.

உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்து விளைவைத் தர்மம் செய்யுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வக்ஃபின் அடிப்படை அதுவே. 2025-ஆம் ஆண்டு வக்ஃபு சட்டம் திருத்தப்பட்டது முதல், ஆவணம் உண்டா என்ற கேள்வி ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஒலிக்கின்றது. நான் பல ஊர்ப் பள்ளிகளுக்குச் சென்றிருக்கிறேன். முன்னோர் எழுதிய பத்திரத்தைக் கரையான் தின்ன விட்ட நிர்வாகங்களையும், கல்வெட்டின் மேல் வண்ணம் பூசி மறைத்த நிர்வாகங்களையும் கண்டிருக்கிறேன். வெளியிலிருந்து வந்த இழப்பு ஒருபுறம் இருக்கட்டும். நம் கையால் நேர்ந்த இழப்புக்கு எவரிடம் முறையிடுவது? உங்கள் ஊர்ப் பள்ளியில் பழைய கல் ஏதேனும் இருந்தால், சுண்ணாம்பு அடிக்கும் முன் அதைப் படிக்கத் தெரிந்தவரை அழையுங்கள்.

தர்காவின் முற்றத்தில் அமர்ந்திருந்தோரைக் கண்டு மருமகன் வியந்தார். பாதிக்கு மேற்பட்டோர் நம் சமயத்தவர் அல்லர். காரணம் எளிது. அருகில் அரசு இராசாசி மருத்துவமனை. தென்மாவட்டங்களிலிருந்து நோயாளிகளோடு வருவோர், வார்டுக்குள் அனுமதி இல்லாத நேரங்களில் இங்கே வந்து அமர்கின்றனர். கையில் உணவுத் தூக்கு, மடியில் மருந்துச் சீட்டு. உள்ளூர்க்காரர் எங்கே செல்வர் என்று கேட்டாயே, இங்கேதான் என்றேன்.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்மணி ஒருவர் என் தாடியையும் தொப்பியையும் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "பாய், வீட்டுக்காரருக்கு நாளைக்கு ஆப்பரேசன். பாதுசா கிட்டச் சொல்லி ஓதி விடுங்க" என்றார். கையில் ஒரு தண்ணீர்ப் புட்டி.

அடங்கியிருப்போரிடம் கேட்பதில்லை, அல்லாஹ்விடமே கேட்க வேண்டும் என்பதை முப்பது ஆண்டுகளாக மேடைகளில் பேசி வருகிறேன். அந்தச் சொல் நாவின் நுனி வரை வந்தது. அவருடைய கண்களைப் பார்த்தேன். இரவெல்லாம் உறங்காத கண்கள். புட்டியை வாங்கி ஃபாத்திஹா ஓதினேன். நோயாளிக்காக நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த துஆவை ஓதினேன். பின்னர், "அம்மா, பாதுஷாவையும் நம்மையும் படைத்தவனிடம் கேட்டிருக்கிறேன். அவன் குணமாக்குவான்" என்றேன். "அவருக்கும் மேல இருக்கிறவருங்களா?" என்றார். ஆம் என்றேன். "அப்ப நல்லதுங்க. இங்க வந்து உட்காந்தாத்தான் மனசு ஒரு நிலைக்கு வருது" என்று கூறி, புட்டியைச் சேலைத் தலைப்பில் சுற்றிக் கொண்டு மருத்துவமனையை நோக்கி விரைந்தார்.

நான் செய்தது சரியா என்று மருமகன் கேட்கவில்லை. நானே என்னைக் கேட்டுக் கொண்டேன். இன்னும் கூடுதலாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பாரும், ஓதியதே தவறு என்பாரும் நம்மிடையே உளர் என்பதை அறிவேன். இருசாராரும் ஒரு மாலைப்பொழுது அந்த முற்றத்தில் அமர்ந்து பார்க்கட்டும்.

மாலை வெயில் சாய்ந்தபின் கல்வெட்டில் கண்ட ஊர்களைத் தேடி வடக்கே சென்றோம். சொக்கிகுளத்தில் குளம் கண்ணுக்குப் படவில்லை. பீபிகுளத்தில் கண்மாய் இருந்த நிலத்தில் வீடுகளும் வருமான வரி அலுவலகமும் நிற்கின்றன. திருப்பாலையில் மட்டும் சாலையின் இருபுறமும் புதிய குடியிருப்புகளுக்கு இடையே வயல்வெளியின் எச்சம் சிறிது தெரிந்தது. பதினாலாயிரம் பொன் பெறுமான ஊர்கள்! யாருடைய பெயரில் எந்தப் பட்டா என்று ஆராயும் வேலை என்னுடையதன்று. எனினும் அந்த ஊர்ப்பெயர்களை உச்சரித்துக் கொண்டே செல்லும்போது, நகரப் பேருந்தின் பெயர்ப்பலகை கல்வெட்டைப் போலவே தோன்றியது.

மக்ரிபுக்குப் பாங்கு ஒலித்தது. வழியில் இருந்த ஒரு சிறு பள்ளியில் ஒளூச் செய்து கொண்டோம். குளங்களின் பெயரைத் தாங்கிய அப்பகுதியில், குழாயைத் திருப்பினால் நூலிழை போலத்தான் நீர் வந்தது. எங்களுக்கு முன் இருந்த முதியவர், "தம்பி, கொஞ்சமாப் பிடிங்க. பின்னால ஆள் வர்றாங்க" என்றார். மருமகன் குழாயைப் பாதியாக அடைத்துக் கொண்டு கைகளைக் கழுவத் தொடங்கினார். அன்றிரவு மாட்டுத்தாவணியில் திருச்சிப் பேருந்தில் ஏறுமுன் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே: அந்த ஊர்ப்பெயர்களை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். பேருந்து நிலையத்துக் கடையில் பேனா வாங்கி எழுதிக் கொடுத்தேன்.